கமமும் காமமும்

துணுக்காயிலே ஒருவரிடம் அவர்தம் தொழில் யாதென வினவினால், 'கமம்' என்னும் ஒரு சொல்லே விடையாக வரும். விவசாயம் என்பது பாடநூலின் சொல். வேளாண்மை என்பதோ ஈழத்தின் சில பகுதிகளிலே தொழிலைக் குறிப்பதினும் வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிப்பது. குளத்து நீரை நம்பி, காலபோகமும் சிறுபோகமும் விதைத்து வாழும் வன்னியான் தான் செய்வதைக் கமம் என்பான். தன்னைக் கமக்காரன் என்பான். தமிழகத்திலிருந்து வரும் நண்பரொருவர் இச்சொல்லைக் கேட்டால் திகைப்பார். மூன்றெழுத்துச் சொல், ஆயினும் அவருக்கு அது புதிது.

துணுக்காய்க்கு அயற்பிரதேசத்திலே பனங்காமம் என்றோர் ஊர் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலே வன்னியரின் அதிகார மையங்களுள் ஒன்றாக விளங்கி, ஒரு பற்றுக்கே தன் பெயரை ஈந்த ஊர் அது. கமம், காமம் ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரு மாத்திரையே வேறுபாடு. இவ்விரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவங்களா, அன்றி இரு வேறு சொற்களா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா. இஃது ஏட்டுச் சுவைக்காக எழுப்பப்படும் வினாவன்று. ஊர்ப்பெயர்களின் ஈறுகள் காணி உறுதிகளைப் போல வழக்கு மன்றத்தில் நீட்டப்படும் நாடு நம்முடையது. ஓர் ஊரின் பெயர் 'காமம்' என முடிந்தால் அவ்வூர் யாருடையது என்னும் தீர்ப்பை அந்த ஈற்றிலிருந்தே எடுத்துவிட முயல்வோர் ஒருபுறம். அந்த ஈற்றுக்கு எவ்வாறேனும் ஒரு தனித்தமிழ்ப் பொருளைக் கண்டுவிட்டாலன்றி அமையமாட்டாதார் மறுபுறம். இரு திறத்தாரும் கருத்தால் மாறுபடினும் முறையால் ஒருவரே.

இம்முறையின் வரலாறு நூறாண்டைக் கடந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள சிங்கள ஊர்ப்பெயர்கள் பற்றி ஹோர்ஸ்பரோ என்னும் ஆங்கில நிருவாகி 1916இல் எழுதினார். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசரும் பிறரும் அவ்வாராய்ச்சியைத் தத்தம் நோக்கில் தொடர்ந்தனர். அக்காலத்தில் இஃது அறிஞர் சிலரின் ஓய்வுநேர விருப்பமாகவே இருந்தது. பின்வந்த பத்தாண்டுகளிலே குடியேற்றமும் காணியும் அரசியலின் மையப் பொருள்களாகியபோது அதே பெயர்ப் பட்டியல்கள் வேறு கைகளுக்கு மாறின. பட்டியல் மாறவில்லை, அதன் பயன்பாடு மாறிற்று.

காமம் என்னும் ஈற்றின் மூலத்தில் ஐயத்துக்கு இடமில்லை. வடமொழியின் கிராம என்னும் சொல் பாளியிலும் ஏனைப் பிராகிருதங்களிலும் முதலெழுத்தின் ரகரத்தை இழந்து காம என நின்றது. வட இந்தியாவிலே அது காம்வ், காவ் என மெலிந்து, பற்பல ஊர்ப்பெயர்களின் ஈறாகிக் கிடக்கிறது. சிங்களத்திலே நெடில் குறுகிக் கம ஆயிற்று. இலங்கையின் தொல் பிராமிக் குகைக் கல்வெட்டுகளிலேயே இதனடியாகப் பிறந்த கமிக என்னும் பட்டத்தைக் காண்கிறோம். கன்னட நாட்டுக் கல்வெட்டுகளின் காமுண்டனும் கொங்குநாட்டுக் காமிண்டனும் இக்குடும்பத்தினரே என்பது பலர் கருத்து. அதுவே இன்று கௌடா என்றும் கவுண்டர் என்றும் வழங்குகிறது என்பர். கொங்குநாடு பிராகிருதம் பேசினார்க்கு உரியதென்று எவரும் வழக்காடியதாக நாம் அறியோம்.

இச்சொல்லின் முதற்பொருள் ஊர் அன்று என்பதே கவனிக்க வேண்டியது. வேதகால மொழியை ஆராய்ந்தோர், தொடக்கத்தில் கிராம என்பது மனிதர் கூட்டத்தை, அதிலும் கால்நடைகளோடும் வண்டிகளோடும் ஒன்றாகப் பெயர்ந்து செல்லும் கூட்டத்தையே சுட்டியது என்பர். இரு கூட்டங்கள் எதிர்ப்பட்டுப் பொருதல் சங்கிராமம் எனப்பட்டது. போர் என்னும் பொருளில் அச்சொல்லை நாம் இன்றும் அறிவோம். இசைநூலார் சட்சக் கிராமம், மத்திமக் கிராமம் என்னுமிடத்துக் கிராமம் என்பது சுரங்களின் தொகுதி. ஐம்பொறிகளின் தொகுதியை இந்திரியக் கிராமம் என்பதும் இப்பொருளின் வழிவந்ததே. ஐரோப்பிய மொழிகளிலே இதன் உறவினராக ஒப்புநோக்கப்படும் சொற்களும் திரட்சி, கூட்டம் என்னும் பொருளை விட்டு அகலவில்லை. போலந்து மொழியின் குரோமாதா என்பது கூட்டத்தைக் குறித்துப் பின்னர்க் கிராமச் சமூகத்தையும் குறித்தது. 1954 முதல் 1972 வரை அந்நாட்டின் அடிநிலை நிருவாகப் பிரிவுக்கு அதுவே பெயர். ஆகவே, கூட்டம் ஓரிடத்தில் தங்கியபின்பே அவ்விடம் கிராமம் ஆயிற்று. மனிதர் முன்னர், மண் பின்னர்.

இதனை உணர்த்த வேதகாலம்வரை செல்லத் தேவையில்லை. 2008ஆம் ஆண்டிலே போர் நெருங்கியபோது துணுக்காய், மல்லாவிப் பகுதி மக்கள் உழவு இயந்திரங்களிலும் மாட்டுவண்டிகளிலும் ஏறக்கூடியதை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கமாகவும் பின்னர்க் கிழக்கு நோக்கியும் பெயர்ந்தனர். கிராம உத்தியோகத்தரும் அவர்களோடு பெயர்ந்தார். பதிவேடுகளில் அம்மக்கள் விட்டுவந்த பிரிவின் பெயராலேயே எழுதப்பட்டனர். 2009இன் இறுதியிலிருந்து மீள்குடியேற்றம் நிகழும்வரை, அப்பெயர் ஒட்டியிருந்தது நிலத்தோடன்று. நிலமின்றி நடந்த கூட்டத்தோடு. கிராமம் என்பதன் பழம்பொருள் இதுவேயெனச் சொல்லாராய்ச்சியாளர் நூல்களில் எழுதிவைத்ததை அம்மக்கள் விரும்பாமலே மெய்ப்பித்துவிட்டனர்.

இனி ஊர்ப்பெயர்களுக்கு வருவோம். பனங்காமம், கொடிகாமம், வலிகாமம், வீமன்காமம், கதிர்காமம் ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்து எண்ணுதல் வழக்கமாயுள்ளது. எண்ணிக்கையை மட்டும் கருதுவோர்க்கு அது போதும். புணர்ச்சியை நோக்குவோர்க்குப் போதாது. கொடி என்னும் சொல்லோடு ககரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் சேரின் வல்லெழுத்து மிகுதல் இயல்பு. கொடிக்கால், கொடிக்கம்பம் என்கிறோம். ஆனால் கொடிக்காமம் என்று எவரும் கூறார். அவ்வாறே வலிக்காமம் என்பதும் இல்லை, கதிர்க்காமம் என்பதும் இல்லை. வலிகாமத்தில் வலி மிகாமை ஒரு சிலேடையாகவே தோன்றலாம். ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. இப்பெயர்களிலுள்ள ககரம் ஒலிப்புடைய ககரம். அவ்வொலி சிதையாமல் காக்கப்பட்டிருத்தல், இவை தமிழ்ப் புணர்ச்சிக்கு உட்படாமல் முழுப்பெயராகவே பிறமொழியிலிருந்து ஏற்கப்பட்டவை என்பதைக் காட்டும். வலிகாமத்துக்குத் தென்னிலங்கையின் வெலிகம நேர் இணை. அவ்வூரின் பாளிப் பெயர் வாலுககாம, அஃதாவது மணலூர். யாழ்ப்பாண வைபவமாலை தன் நாட்டுக்குக் கூறும் பழம்பெயரும் மணற்றிடர் என்பதாக, மணலை வைத்தே இரு மொழியாரும் அந்நிலத்தை இனங்கண்டனர் எனலாம்.

பனங்காமம் இவற்றினின்றும் வேறானது. பனை என்பதன் ஈற்று ஐகாரம் கெட்டு அம் என்னும் சாரியை பெற்றுப் பனங்காய், பனங்கிழங்கு என வருதல் போன்று இதுவும் வந்தது. துணுக்காய்ப் பகுதியின் ஆலங்குளம் இவ்வாறே அம் பெற்று அமைந்ததுதான். பனங்காமம் என்னும் பெயரைப் படைத்த வாய் தமிழ் இலக்கணத்தின்படி பேசிய வாய். காமம் என்பதை ஊர் என்னும் பொருளுடைய ஒரு பொதுச்சொல்லாக அது அறிந்திருந்தது. அறிந்து, தன் பனையோடு தன் முறைப்படி ஒட்டிக்கொண்டது. பிறமொழிப் பெயரொன்றே தமிழ்வாயில் இவ்வாறு உருமாறிற்று என்று ஒருவர் மறுக்கலாம். அவ்வாறு கொள்ளினும் உருமாற்றியது தமிழ் இலக்கணமே என்பது மாறாது. ஒரே ஈறு, ஓரிடத்தில் ஏற்ற பெயரிலும் மற்றோரிடத்தில் படைத்த பெயரிலும் நிற்கிறது. ஈற்றை மட்டும் பிடித்துக்கொண்டு குடிகளைத் தீர்மானிக்கும் முறை இந்த வேறுபாட்டைக் காணவே இயலாதது. அதன் பெருங்குறை இதுவே.

மேலும், நெடிலை நோக்குக. இன்றைய சிங்களத்தில் கம என்பது குறில். இந்த ஊர்ப்பெயர்கள் அனைத்திலும் நெடிலே நிற்கிறது. சிங்களத்தில் நெடில் குறுகுவதற்கு முன்னரே இவை தமிழிற் படிந்திருத்தல் வேண்டும்; அன்றேல் பாளி, பிராகிருத வழக்கிலிருந்து நேரே வந்திருத்தல் வேண்டும். எவ்வாறாயினும் நாம் சென்றடைவது சிங்களர், தமிழர் என்னும் இன்றைய எல்லைகள் இன்றுள்ளவாறு வரையப்படாத ஒரு காலத்தை. பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளிவந்த தம் நூலிலே, இத்தீவின் இரு இனங்களும் பெரும்பாலும் ஒரே தொல்குடி அடிப்படையிலிருந்து, மொழி பரவியும் மாறியும் உருவாயின என வாதித்தார். அக்கருத்தின் ஒவ்வொரு கூற்றையும் ஏற்காதவரும், அத்தகைய காலத்துப் பெயரொன்றை இன்றைய இனப்பதிவேட்டில் எழுதுவதன் இடர்ப்பாட்டை மறுத்தல் அரிது.

கதிர்காமம் பற்றி ஒரு சொல். மகாவம்சம் கூறும் காசரகாமமே இது. தமிழ் எழுத்தில் ஒலிப்புடைய ககரத்துக்கும் ஒலிப்பிலாக் ககரத்துக்கும் வடிவு ஒன்றே. ஆதலின் ஊர் என்னும் காமமும் வேட்கை என்னும் காமமும் எழுத்திலே ஒன்றாயின. முருகனின் கதிரும் வள்ளிமேல் அவன் கொண்ட காமமும் கூடிய இடம் என்று பக்தர் பொருளுரைத்தனர். இது பிழையான சொற்பிறப்பு. ஆயின் அழகிய பிழை. எழுத்து வறுமை ஒரு தலத்துக்குப் புராணம் ஈந்தது! இதனைக் கண்டு நகைத்தல் எளிது. ஆனால் ஒரு சொல்லை மக்கள் தமதாக்கிக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று.

இப்போது கமத்துக்கு வருவோம். காமத்தையும் கமத்தையும் ஒன்றாக்கி, இரண்டையும் கிராமத்தினின்று பெறுதல் எளிய வழி. நமக்கு அது உடன்பாடன்று. முதலாவதாக, ஈழத்தமிழிலே கமம் என்பதற்கு ஊர் என்னும் பொருள் வழக்கில் இல்லை. இரண்டாவதாக, கமம் 'செய்யப்படுவது'. கமஞ்செய்கிறேன் என்கிறோம், ஊரைச் செய்தல் என்பது பொருளற்றது. செய்யப்படுவது தொழில். பாளியில் கம்ம என்பது வினை, தொழில். அதனடியாகிய கம்மந்த என்பது தொழிலைப் பொதுவாகவும் உழவைச் சிறப்பாகவும் குறிக்கும். கருமம் என நாம் வழங்கும் வடசொல்லே இதன் மூலம். தெலுங்கிலே கமதம் என்பது உழுநிலம், பண்ணை. அரசாங்கப் புள்ளிவிவரங்களில் நிலவுடைமை அலகுக்கு இன்றும் அதுவே பெயர். கன்னடத்திலே கமத என்பது உழவுத்தொழில். கொங்கணி பேசுவோரிடையே வழங்கும் காமத் என்னும் குடிப்பெயர் உழவரைச் சுட்டி எழுந்தது என்பர். தக்கணம் முழுவதிலும் உழவைச் சூழ்ந்து இவ்வோசை கேட்கும்போது, கமத்தைத் தனியே பிரித்துக் கிராமத்தோடு சேர்த்தல் பொருந்துமா?

ஒலியியல் தடையொன்று உண்டு. கம்ம என்பது தமிழுக்கு வரின் மகரம் இரட்டித்தே நிற்க வேண்டும். கம்மியர், கம்மாளர், யாழ்ப்பாணத்தார் கொல்லனின் பட்டறைக்குக் கூறும் கம்மாலை ஆகியவற்றில் அவ்வாறே நிற்கிறது. கமத்தில் மட்டும் ஒற்றை மகரம் ஏன்? விடை சிங்களத்தில் உள்ளது என்பது நம் துணிபு. சிங்களம் நெடிலைக் குறுக்கியது போலவே இரட்டித்த மெய்யையும் ஒற்றையாக்கியது. கம்ம அங்கே கம ஆயிற்று. இன்றும் உழவுத்தொழிலைச் சிங்களத்தில் கொவிகம என்பர். கொவி என்பது உழவன், கம என்பது தொழில். கமஞ்செய்தல் என்னும் நம் தொடருக்கு ஈடாகக் கொவிகம் செய்தல் என்னும் தொடரும் அங்குண்டு. சுவையான செய்தி யாதெனில், அம்மொழியிலேயே உழவர் குலத்தின் பெயரும் கொவிகம. ஆனால் அங்கு நடுவிலுள்ள ககரம் ஒலிப்புடையது. தமிழெழுத்தில் இரண்டையும் வேறுபடுத்தி எழுதவே இயலாது. தொழிலும் ஊரும் ஒன்றோடொன்று மயங்குதல் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று போலும்.

ஆகவே கதை இவ்வாறாகிறது: ஒரே பிராகிருதச் சொல் ஒருமுறை நேர்வழியே வந்து கம்மாலை ஆயிற்று, மறுமுறை சிங்கள உழவனின் வாய்வழியே வந்து கமம் ஆயிற்று. கொல்லனின் உலைக்களமும் கமக்காரனின் வயலும் சொல்லளவில் உடன்பிறந்தவை.

இம்முடிபு தமிழன்பர் சிலருக்கு உவப்பாகாமற் போகலாம். கமம் என்பது தொல்காப்பிய உரியியலில் நிறைவு என்னும் பொருளுக்கு உரியதாகக் கூறப்பட்ட தூய தமிழ்ச்சொல்லாயிற்றே, கதிர் நிறைந்த வயல் கமம் ஆகாதோ என வினவுவர். நீர் நிறைந்த மேகத்தைச் சான்றோர் கமஞ்சூல் என்றமை மெய். ஆயின் நிறைவு என்னும் கமத்திலிருந்து உழவு என்னும் கமத்துக்கு இட்டுச்செல்லும் படிகள் எங்கே? இலக்கியத்தில் உழவு பற்றிய செய்திகள் ஏராளம். அவற்றிடையே இச்சொல் உழவுப் பொருளில் தலைகாட்டவில்லை. தமிழகப் பேச்சிலும் இல்லை. இடைவெளி பெரிது, ஓசை ஒப்புமை ஒன்றே பாலம். ஓசை ஒப்புமையே போதுமெனின், அக்குளுக்கு நாம் கூறும் கமக்கட்டையும் கமக்காரனின் உடைமையாகக் கொள்ள வேண்டிவரும்.

சிங்களத்திலிருந்து சொல்லைப் பெற்றோம் என்பதில் தாழ்வு யாது? காணியைச் சிங்களர் இடம என்பர். அது நம் இடம். சட்டப் புத்தகத்தின் சிங்களப் பிரதியிலே காணி பற்றிய பகுதி எங்கும் அத்தமிழ்ச்சொல் கிடக்கிறது. அதே சட்டத்தின் தமிழ்ப் பிரதியிலே உழவு வருமிடமெல்லாம் கமம் கிடக்கிறது. நிலத்துக்கு அவர் நம் சொல்லையும், நிலத்திற் செய்யும் தொழிலுக்கு நாம் அவர் சொல்லையும் எடுத்துக்கொண்டோம். இடம என்னும் சொல்லைக் காட்டி மாத்தறைக் காணிகள் எமவென்று எந்தத் தமிழனும் கேட்கமாட்டான், கேட்டால் நகைப்பர். காமம் என்னும் ஈற்றைக் காட்டி எழுப்பப்படும் உரிமைக் குரலை மட்டும் ஆராய்ச்சி என்று மதித்தல் எவ்வாறு? காணிப் பிணக்கைத் தீர்க்க உறுதியும் வரைபடமும் அனுபோகச் சான்றும் உள்ளன. சொற்பிறப்பியல் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று.

அரசாங்கத் தமிழ் இச்சொல்லைக் கைவிடாதது நல்லூழ். 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் இதனைத் தலைப்பிலேயே சூடியுள்ளன. கமநலம் என்பது மொழிபெயர்ப்பாளரின் ஆக்கம். அலுவலகத் தமிழின் ஆக்கங்களுள் மண்வாசனை உடையவை மிகச் சில, அவற்றுள் இது ஒன்று. கமத்தொழில் என்பதோ ஆராய்ந்தால் 'தொழில்தொழில்' என்றாகும். கமம் என்பதே தொழில் என்பதை வழங்குவோர் மறந்தமையால் இன்னொரு தொழிலை அதனோடு சேர்த்தனர். ஒரு கடன்சொல் முற்றாகத் தமிழாகிவிட்டது என்பதற்கு இம்மறதியினும் உறுதியான சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. துணுக்காய்ப் பகுதியின் ஊர்களை நிரைப்படுத்திப் பார்த்தால் கோட்டைகட்டியகுளம், உயிலங்குளம், தென்னியங்குளம், அனிச்சியன்குளம், ஐயன்கன்குளம் எனக் குளங்களே மிகுதி. காமம் அங்கு அருகிய சொல். வன்னியான் ஊரை நீரால் அறிந்தான். ஆயின் அந்நீர் கொண்டு செய்ததை மட்டும் கமம் என்றான். அறுவடைக்குப்பின் கதிர்க்கட்டுகளைச் சூடாக அடுக்கி மிதித்து, பொலி தூற்றும் இடத்துக்கு அவன் சொல் களம். அது பழந்தமிழ்ச் சொல். அதே தொழிலை அதே முறையிற் செய்யும் சிங்கள உழவன் அவ்விடத்தைக் கமத என்கிறான்.